மணமிழப்பும் மறைப்பும்

உயிர் உலகப் பொருள்களைக் கருவிகளின் வாயிலாக அறியும் என்பது சித்தாந்தத் துணிபு. அக்கருவிகளுள் கண்ணும் செவியும் உவமைக்கும் வழக்குரைக்கும் பலகால் எடுத்தாளப்படுவன. மூக்கோ கந்தம் என்னும் தன்மாத்திரையோடும், மண் என்னும் பூதத்தோடும், ஆக்கிராணம் என்னும் ஞானேந்திரியத்தோடும் எண்ணப்பட்ட அளவிலே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அம்மூக்கினையே பொருளாகக் கொண்டு இரண்டு வினாக்களை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். முதுமையில் மணமுணரும் ஆற்றல் குறைவது யாவரும் அறிந்தது. அங்ஙனம் குறையுமிடத்துக் குறைந்தது கருவியோ, அக்கருவியைக் கொண்டு அறியும் அறிவோ? இது முதல் வினா. தன் கருவி கெட்டதனை அவ்வறிவு தானே அறிய வல்லதோ? இஃது இரண்டாவது வினா. முன்னையது எளிது, பின்னையது அரிது. அரியதனை விடுத்து எளியதனோடு அமைவது ஆராய்ச்சியாகாது.

முதற்கண் மூக்கின் அமைப்பினைக் காண்பாம். நாசித்துளையின் உள்ளே, மேலே உயர்ந்த இடத்தில், மெல்லிய படலமொன்று உளது. அதன்கண் மணமுணரும் நரம்பணுக்கள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு முனையால் மூச்சுக்காற்றை நோக்கி நுண்ணிய இழைகளை நீட்டும். மற்றொரு முனையால் மூளையின் முன்னடியில் உள்ள முகர்குமிழ் என்னும் பகுதிக்கு நாரொன்றினைச் செலுத்தும். அவ்விழைகளில் ஏற்பி எனப்படும் புரதப்பொருள் பதிந்துள்ளது. பூவினின்றோ புகையினின்றோ எழுந்து காற்றிற் கலந்த நுண்டுகள் தனக்கேற்ற ஏற்பியைப் பொருந்தியவழி, நரம்பணு மின்குறி யொன்றை எழுப்பும். அக்குறி முகர்குமிழை அடையும்.

அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளராகிய லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் என்னும் இருவரும் 1991-ஆம் ஆண்டில் எலியின் மூக்கை ஆராய்ந்து, இவ்வேற்பிகளுக்குரிய மரபணுக்களின் பெருந்தொகுதியைக் கண்டு வெளியிட்டனர். அதன்பொருட்டு 2004-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசினைப் பெற்றனர். சுண்டெலிக்கு இவ்வேற்பி வகைகள் 1000-க்கு மேற்பட்டன. மக்கட்கு ஏறக்குறைய 400. ஒரு நரம்பணு பெரும்பாலும் ஒரு வகை ஏற்பியையே தாங்கும். ஒரே வகை ஏற்பியைத் தாங்கிய அணுக்கள் படலத்தில் இங்குமங்கும் சிதறி நிற்பினும், அவற்றின் நார்கள் முகர்குமிழில் தமக்கென அமைந்த ஓரிரு நிலைகளிலே சென்று கூடும். எந்தெந்த நிலைகள் ஒருங்கு கிளர்கின்றன என்பதைக் கொண்டே மல்லிகை வேறு, சந்தனம் வேறு என்னும் பகுப்பு நிகழ்கின்றது.

இந்நரம்பணுக்கட்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மூளையில் உள்ள நரம்பணுக்களிற் பெரும்பாலன பிறந்தபின் புதியனவாகத் தோன்றுவதில்லை. மூக்கின் நரம்பணுக்களோ காற்றுக்கும் தூசிக்கும் நச்சுப் பொருளுக்கும் நேரே எதிர்ப்பட்டு நிற்பன. ஆகலின், சில வாரம் முதற் சில திங்கள் அளவில் அவற்றுட் பல மாய்ந்தொழியும். மாய்ந்தவற்றின் இடத்தை, படலத்தின் அடியில் உள்ள மூலவணுக்கள் பிளவுற்றுப் பிறப்பிக்கும் புதியவை நிரப்பும். சென்ற ஆண்டு முல்லையை உணர்த்திய அணுக்களிற் பல இவ்வாண்டு இல்லை. முல்லையோ முல்லையாகவே அறியப்படுகின்றது. இதனைக் கொண்டே உடம்பின் வேறாகிய உயிர் உண்டென்று நாட்டிவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது. புதிய நார் பழைய நிலையையே தேடிச் சென்று பொருந்துதலின் அவ்வொருமை நிகழ்கின்றது என உடம்பளவில் நின்றே விடை கூறுதல் இயலும். எளிதிற் கிடைக்கும் சான்றினைக் கொள்ளுமுன் அதனை அசைத்துப் பார்த்தல் நம்மனோர்க்குக் கடன்.

இனி முதுமை. சுண்டெலியின் வாழ்நாள் ஏறக்குறைய இரண்டாண்டு முதல் மூன்றாண்டு வரை; ஆதலின் முதுமையின் வரவை அதனிடத்தே விரைவிற் காணலாம். முதிர்ந்த சுண்டெலியின் மூக்கில், மூலவணுக்கள் பிளவுறும் விரைவு தளர்கின்றது. மாய்ந்தவற்றிற்கு ஈடாகப் புதியவை தோன்றாமையின் படலம் மெலிகின்றது. சிற்சில இடங்களில் மணமுணரும் படலம் ஒழிய, மூச்சு செல்லுதற்கு மட்டும் பயன்படும் பொதுப்படலம் அவ்விடத்தைக் கவர்ந்துகொள்கின்றது. இவ்வளவும் எதிர்பார்க்கத் தக்கதே. வியப்புக்குரியது வேறொன்று. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், முதிய சுண்டெலிகளின் நரம்பணுக்களைத் தனித்தனியே எடுத்து அவற்றின் மின்குறியை அளந்தனர். எஞ்சி நின்ற அணுக்கள் இளமையிற் போன்றே தமக்குரிய மணத்தினை மெல்லிய அளவிலும் உணர்ந்தன. குறைந்திருந்தது, ஆராய்ந்த ஏற்பி வகைகளுட் பலவற்றைத் தாங்கும் அணுக்களின் தொகையே.

எலியிற் கண்டதனை மனிதர்க்கு அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, 60 வயதினைக் கடந்தாருடைய மணநரம்பணுக்களுட் பல, ஒரு மணத்திற்கே விடையிறுக்காது, தம்முள் வேறான மணங்கட்கும் விடையிறுத்தன எனக் காட்டிற்று. அஃதாவது, மக்களிடத்துத் தொகை குறைதலோடு பகுத்தறியும் நுட்பமும் ஓரளவு கலங்குகின்றது. இரண்டனையும் வைத்து நோக்கின், முதுமை என்பது எல்லாக் கருவிகளையும் ஒரே வழியில் தேய்க்கும் அரமன்று என்பது விளங்கும். ஓரிடத்துத் தொகை குறைகின்றது. ஓரிடத்துப் புதுப்பிப்பு நிற்கின்றது. ஓரிடத்துத் தெளிவு கலங்குகின்றது.

முதல் வினாவிற்கு விடை இதனாற் பெறப்படும். சித்தாந்த நூலார் இந்திரியத்தையும் அதற்கு இடனாகிய கோளகத்தையும் வேறு வைத்து ஓதுவர். காணப்படும் மூக்கு கோளகம். அதன்கண் நின்று மணத்தைப் பற்றும் நுண்கருவி இந்திரியம். அதனை ஏவி அறிவது உயிர். மேலே கூறிய மெலிவெல்லாம் கோளகத்தின்கண் நிகழ்வன. பத்து விளக்கிட்ட மண்டபத்தில் ஏழு அவிந்து மூன்று நின்றால், மண்டபத்துள் இருப்பான் கண்ணொளி இழந்தான் என்று கூறுவாரில்லை. ஆகவே, பொறி தளர்ந்த முதியோரைக் கண்டு, "அறிவு மழுங்கிற்று, இனி இவர் சொல்லை ஏற்கவேண்டுவதில்லை" என்று ஒதுக்குவார், கருவியையும் கருத்தாவையும் மயங்கக் கொண்டவராவர். இப்பிழை நூலறியாதாரிடத்து மட்டுமன்று, நூலறிந்தாரிடத்தும் நிகழக் காண்கின்றாம்.

இனி அரிய வினாவிற்கு வருவாம். சிவஞானபோதத்து மூன்றாஞ்சூத்திரம் உயிருண்மையை நாட்டுமிடத்து, உடம்பினைத் தன் உடைமையாகச் சுட்டுவது எதுவோ, ஐம்பொறியின் அறிவுகளை ஒருங்கு அறிவது எதுவோ, அஃது அவற்றின் வேறாதல் வேண்டும் எனும் நெறியில் ஏதுக்களைத் தருகின்றது. இதனைக் கேட்ட ஒருவன் பின்வருமாறு தடைநிகழ்த்தலாம்: "அறிவோன் பொறியின் வேறாயின், தன் பொறிகளுள் ஒன்று கெட்டவிடத்து அக்கேட்டினை அவன் அறிதல் வேண்டுமன்றோ? தச்சன் கையுளி மழுங்கினால் தச்சன் அறிவான். மூக்கு மழுங்கினால் மூக்குடையான் அறிகின்றிலனே! உளி மழுங்கியதனை உளியே அறியாமை இயல்பு. தச்சனும் அறியாவிடின், உளியின் வேறாகத் தச்சன் ஒருவன் உளன் என்பது யாங்ஙனம்?"

இத்தடை வெறுஞ்சொல்லன்று. அமெரிக்காவில் விசுகான்சின் மாநிலத்துப் பீவர் டாம் என்னும் ஊரில், 53 முதல் 97 வரை வயதுடைய ஏறக்குறைய 2500 பேரைச் சோதித்துக் கண்ட முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவருள் மணமுணர்ச்சி குறைந்தார் நூற்றுக்கு 24.5 பேர், 80 வயதும் அதற்கு மேலும் உடையாருள் நூற்றுக்கு 62.5 பேர். தமக்கு அக்குறை உண்டென்று தாமே கூறியவரோ அனைவருள்ளும் நூற்றுக்கு 9.5 பேரே. குறையுடையாருட் பலர் அதனை அறியாதிருந்தனர் என்பது இதனாற் போதரும்.

நம்மருகே நிகழ்ந்ததொன்றையும் இதனோடு வைத்து நோக்குக. புதுச்சேரி நகரத்துக் கதிர்காமத்தில் 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுநோயர்க்குரிய மருத்துவமனையாக அமைக்கப்பட்டது. அந்நோயின் குறிகளுள் மணமும் சுவையும் அறியாமையை, நடுவணரசின் நலவாழ்வுத்துறை அவ்வாண்டு சூன் திங்களிற் சேர்த்தது. அந்நோயில் மணநரம்பணுக்களைச் சூழ்ந்து தாங்கும் துணையணுக்களே முதலில் தாக்குண்கின்றன என்பர் ஆராய்ச்சியாளர். அப்பொழுது இளைஞரும் முதியரும் ஒருநாட் காலையில் காப்பியில் மணமில்லை, சோப்பில் மணமில்லை எனத் தாமே உணர்ந்து திடுக்குற்றனர். ஆகவே மணமிழப்பு என்றும் அறியப்படாததொன்றன்று. ஒரே நாளில் நேர்ந்த இழப்பு அறியப்படுகின்றது. இருபதாண்டில் சிறுகச் சிறுக நேர்ந்த இழப்பு அறியப்படுவதில்லை. நேற்றையதனோடு இன்றையதனை ஒப்பிட்டே உயிர் குறையினை அறிகின்றது. நேற்றும் இன்றும் வேறுபாடு தோன்றாவிடின் ஒப்பிடுதற்கு ஒன்றுமில்லை.

இனித் தடைக்கு விடை. உயிர் தானே விளங்கி அனைத்தையும் தானே அறியும் பொருள் என்று கொள்வார்க்கே இத்தடை பெருந்தடையாகும். நம் நூலார் அங்ஙனம் கொண்டிலர். உயிர் அறிவிக்க அறியும் இயல்பினது, சார்ந்ததன் வண்ணமாவது. அறிவிப்பது இல்வழி, பொருளையும் அறியாது, தன்னையும் அறியாது, தன் அறியாமையையும் அறியாது. தச்சனுவமை ஈண்டுப் பொருந்தாமையும் இதுவே பற்றி. தச்சன் உளியின் மழுக்கத்தைக் கண்ணாலும் கையாலும் அறிகின்றான். அஃதாவது வேறு கருவிகளால் அறிகின்றான். மூக்கின் மழுக்கத்தை அறிதற்கு வேறு மூக்கில்லை. எனவே, முதியோன் தன் மணமிழப்பை அறியாமை உயிரின் இன்மைக்குச் சான்றாகாது. உயிரறிவு பிறிதொன்றன் உதவியை வேண்டிநிற்கும் என்பதற்கே சான்றாகும்.

இவ்விடத்து உமாபதிசிவனார் திருவருட்பயனில் ஆணவ மலத்திற்குக் கூறிய வேறுபாடு நினைவிற்கு வருகின்றது. புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது அவர் கருத்து. மாணாக்கர் இதனைக் கேட்டு, "தன்னையும் மறைக்கும் மறைப்பு" என்பது எத்தகையது என வினவுமிடத்து எடுத்துக்காட்டக் கிடைப்பது அருமை. கண்முன் நிற்கும் உவமைகளெல்லாம் இருளினத்தைச் சார்ந்தனவாதலின் அவை யாவும் தம்மைக் காட்டிவிடுகின்றன. முதியோர் மணமிழப்போ அவ்வினத்தைச் சார்ந்ததன்று. பார்வையுடையான் இருட்டறையிற் புகுந்தால், "இருளாக இருக்கின்றது" என்கின்றான். அவனுக்கு இருள் ஒரு காட்சி. மணமிழந்தான் மல்லிகைப் பந்தரின்கீழ்ச் சென்றால், "மணமின்மையாக இருக்கின்றது" என்று கூறுவதில்லை. இயல்பாகவே மணமற்ற காற்றும், மணமிருந்தும் தான் உணராத காற்றும் அவனுக்கு ஒன்றே. மறைந்தது மல்லிகை மட்டுமன்று. மறைந்தது என்னும் செய்தியும் மறைந்தது. அதனாலேயே அவன் குறையைத் தன்பால் வையாது பொருளின்பால் வைக்கின்றான்: "இக்காலத்துப் பூவில் மணமில்லை, இவ்வீட்டுச் சாற்றில் சுவையில்லை, பெருங்காயத்திற் கலப்படம்" என்கின்றான். உண்பொருளின் சுவை எனப்படுவதிற் பெரும்பகுதி வாயினின்று மூக்கிற்கு ஏறும் மணமே என்பது அவன் அறியானாதலின், பழி சமைத்தவர் தலைமேல் விழுகின்றது.

உவமை ஒருபுடை ஒப்புமையே என்பதை ஈண்டு மறத்தல் கூடாது. மணமிழப்பு உடம்பின் தளர்ச்சி. ஆணவம் உயிரைப் பற்றிய அநாதி மலம். மூக்குத் தளர்ந்தாரை மலமிக்கார் என்று எண்ணுதல் பேதைமை. மூக்குக் கூரியாரெல்லாம் மலங்குறைந்தார் என எண்ணுதல் அதனினும் பேதைமை. தன்னையே மறைத்தல் என்னும் ஒரு தன்மையிலேயே இரண்டும் ஒக்கும்.

ஆயினும் அவ்வொரு தன்மை நம் ஒழுக்கத்திற்குப் பெரிதும் பயன்படுவதாம். தன்னை மறைக்கும் குறையினை அதனையுடையான் தன் முயற்சி ஒன்றாலேயே காணமாட்டான், காட்டுவார் வேண்டும். இறைவன் உயிர்க்குச் செய்வதனைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாக நம்மவர் கூறுவர். அம்முறையின் சிறுநிழல் இல்லங்களிலும் மடங்களிலும் நிகழல் வேண்டும். மடத்து மடைப்பள்ளியில் நெடுங்காலம் பணிபுரிந்த முதியவர், பழையதாகிய நெய்யைப் புதியதென்று எடுத்துப் பெய்தல் கூடும். தனித்து வாழும் மூதாட்டி அடுப்பெரிவாயு கசிவதை அறியாதிருத்தல் கூடும். அவ்வாயுவிற்கு இயல்பில் மணமில்லை. கசிவினை மூக்கு அறியும்பொருட்டே அதில் எத்தில் மெர்காப்டன் என்னும் தீநாற்றப் பொருளைக் கலக்கின்றனர். அக்காவல் மூக்குடையார்க்கே காவல். மூக்குத் தளர்ந்தார்க்கு அருகிலுள்ளார் மூக்கே காவலாதல் வேண்டும். அன்றியும் நடுக்கவாதம், நினைவிழப்பு முதலிய சில நோய்கட்கு மணமிழப்பு முற்குறியாதலும் உண்மையின், அதனை முதுமையென்று கருதி வாளா விடாது மருத்துவர்க்குக் காட்டுதலும் வேண்டும்.

காட்டுவார்க்கும் ஒரு நெறி உண்டு. நகையாடிக் காட்டினால் கேட்பவர் காணமாட்டார். குறையைப் பொருளின்மேல் ஏற்றித் தம்மைக் காத்துக்கொள்வர். காண்பார்க்கும் ஒரு நெறி உண்டு. தமக்குத் தோன்றாமை கொண்டே இல்லையென்று துணியாது, அன்புடையார் சொல்லை அளவையாகக் கொள்ளுதல் அது. காட்சியளவை தளர்ந்தவிடத்து உரையளவையைப் பற்றுதல் இழிவன்று. அளவைநூல் கற்றதன் பயனே அது. மூக்கின் திறத்தில் இதனை ஒப்புக்கொள்ளாத ஒருவர், தம் அறிவின் திறத்தில் ஆசிரியன் காட்டுவதனை ஒப்புக்கொள்வர் என்பதற்கு என்ன உறுதி? சிறியதொரு குறையைப் பிறர் சொல்ல ஏற்றுப் பழகுதல், பெரியதொரு மறைப்பைக் குருவின் சொல்லால் உணர்வதற்குப் பயிற்சியாதல் கூடும்.

இறுதியாக, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டார் ஒன்று வினவுவர். சுண்டெலிகளைப் பற்றி மேலே கூறிய அறிவு அவ்வுயிர்கட்கு ஊறின்றிக் கிடைத்ததோ எனின், அன்று. முதிய எலியின் நரம்பணுவைத் தனியே எடுத்து அளத்தற்கு அவ்வெலி உயிர் கொடுத்தது. சென்னையிற் கலாசேத்திரத்தை நிறுவிய உருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் நாடாளுமன்ற மேலவையில் எடுத்த முயற்சி, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டத்திற்கு வழிகோலிற்று. அச்சட்டமும் அறிவு வளர்ச்சிக்கும் நோய் நீக்கத்திற்கும் உரிய சோதனையை முற்றும் விலக்காது, வேண்டாத துன்பம் நேராவண்ணம் மேற்பார்க்கும் குழுவினை அமைக்க இடந்தந்தது. அது நாடு செய்துகொண்ட உடன்பாடு. அறத்தின் முடிந்த முடிபு என்று கூறுதற்கில்லை. சோதனையே கூடாது என்பாரும், உயிர்காக்கும் அளவிற் கூடும் என்பாரும் நம்முள் உளர். அவ்வழக்கு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இரு திறத்தாரும் ஒப்புவதொன்று உண்டு. பிறவுயிரின் உயிர்ப்பொருட்டாக வந்த அறிவினை வெறும் வியப்பாகக் கேட்டு மறந்துவிடுவார் அவ்வுயிர்க்கு இரட்டைக் கடன்பட்டாராவர். அதனைக் கொண்டு ஒரு முதியவரைப் பழிச்சொல்லினின்றும், ஓர் இல்லத்தைத் தீயினின்றும் காப்பார் அக்கடனிற் சிறிதேனும் தீர்த்தாராவர்.

இதுகாறுங் கூறியவாற்றால், முதுமையிற் குறைவது கோளகமேயன்றி அறிவோனல்லன் என்பதும், அறிவோன் தன் குறையைத் தானே அறியமாட்டாமை அவனது இன்மையைக் காட்டாது அவன் பிறிதொன்றனாற் காட்டப்பட வேண்டியவன் என்பதையே காட்டும் என்பதும், ஆகவே மணமிழந்த முதியோர்க்கு மணமுடையார் காட்டுவாராதலும், அறிவின் திறத்தில் நாமனைவரும் காட்டப்படுவாராதற்கு இசைந்து நிற்றலும் கடன் என்பதும் பெறப்படும். எதனை நாம் உணர்ந்திலமோ அது பொருளின்கண் இல்லையோ, நம்பாற் குறையோ என ஒவ்வொருகாலும் வினவிக்கொள்வார், அம்மறைப்பின் ஓரத்தையேனும் தொட்டாராவர்.